அடிக்கச் சொன்ன பெயர்

மச்சான்,

மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் ஏரிச்சேற்றின் வாடை போகவில்லை. காலையில் வலையைத் தூக்கிவிட்டு வந்து குளித்து, சாப்பிட உட்கார்ந்தேன். சோற்றைப் பிசைந்து வாயருகில் கொண்டுபோனதும் அந்த வாடை மூக்கில் ஏறியது. தட்டை அப்படியே நகர்த்தி வைத்துவிட்டேன். உன் தங்கச்சி என்ன ஏது என்று கேட்கவில்லை. அவளுக்கும் அது உன் வாடைதான். நீ எங்கள் வீட்டில் உட்கார்ந்து எழுந்துபோன நாற்காலியில் அது அரை நாள் தங்கும். துறைமுகத்தின் ஏசி அறையில் எட்டு மணி நேரம் இருந்துவிட்டு வருகிற பெரிய மனுஷன் அல்லவா நான், அப்போதெல்லாம் மூக்கைச் சுளிப்பேன்.

இன்றைக்கு ஏரியில் என் பாடு, வலை கட்ட என் முறை. பதினோரு வருஷம் கழித்து என் கையால் வலை கட்டினேன். கம்பு நடத் தெரியாமல் இரண்டு முறை சாய்த்துவிட்டேன். பக்கத்துத் தோணியில் இருந்தவர்கள் சிரித்தார்கள், பிறகு அவர்களே இறங்கி வந்து நட்டுக் கொடுத்தார்கள். நீ இருந்திருந்தால் முதலில் நன்றாகத் திட்டியிருப்பாய்.

கல்யாணமான புதிதில் என் பெயரையும் பாடு பிரிக்கிற ஊர்ப் பட்டியலில் ஏற்றினார்கள். அந்த வருஷம் உன் பின்னாலேயே வந்து இரண்டு பாடு வலை கட்டினேன். இடுப்பளவு தண்ணீரும், காலைக் கிழித்த சிப்பியும் எனக்குப் பிடிக்கவேயில்லை. நான் பி.காம். படித்தவன் என்ற திமிர் வேறு. அப்போதுதான் துறைமுகத்தில் வேலை கிடைத்தது. அன்றைக்கே கரைக்கு வந்து உன்னிடம் சொன்னேன்.

"இந்த வருஷம் குலுக்கல்ல என் பேர அடிச்சிடச் சொல்லிடு மச்சான். எனக்கு இனிமே அது வேணாம்."

நீ வலை முடிச்சைப் பல்லால் இழுத்துக்கொண்டிருந்தாய். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "சொல்லிடறேன்" என்றாய். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று நினைத்தேன்.

என் வேலை உனக்குப் புரியவேயில்லை. கப்பல் ஓட்டுகிறேனா, பெட்டி தூக்குகிறேனா என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். இரண்டும் இல்லை, எந்தக் கப்பல் எந்த நாளில் எந்த பெர்த்தில் வந்து கட்ட வேண்டும் என்று திட்டம் போடுகிற அறையில் இருக்கிறேன் என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மேஜையில் டம்ளர்களை அடுக்கி உனக்குக் காட்டினேன். மேஜை விளிம்புதான் பெர்த். இந்த டம்ளர் கொழும்பிலிருந்து வருகிறது, ஆழம் அதிகம் வேண்டும். இந்தச் சின்ன டம்ளர் விசாகப்பட்டினத்திலிருந்து வருகிறது, ஒரு கிரேன் போதும். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் எதை முதலில் உள்ளே விடுவது, எதை வெளியே நிறுத்துவது, இதுதான் என் வேலை. நீ காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் யோசித்தாய்.

எங்கள் மேனேஜரிடம் நான் ஒருமுறை பாடு பற்றிச் சொன்னதை உனக்குச் சொன்னேன். "ஏரி வாய்ல இறால் ஓடற எடம் கொஞ்சந்தான் சார். எல்லாரும் ஒரே நாள்ல போய் நின்னா வெட்டு குத்து தான். அதனால கல்யாணமான ஆம்பளைங்க பேரெல்லாம் எழுதி, வருஷா வருஷம் சீட்டு குலுக்கி, இந்த நாளு இந்த எடம் ஒனக்குனு பிரிச்சிடுவாங்க. அன்னிக்கு வேற எவனும் அங்க வலை கட்டக் கூடாது." அவர் சிரித்துவிட்டு, நாமும் இங்கே அதைத்தானே செய்கிறோம் என்றார்.

இதைக் கேட்டதும் உன் முகம் மலர்ந்ததே, அதை என்னால் மறக்க முடியவில்லை. "அப்போ கப்பலுக்கும் பாடு கீதா?" என்றாய். அதற்குப் பிறகு ஊரில் யார் என் வேலையைப் பற்றிக் கேட்டாலும், "எங்க மாப்ள கப்பலுக்குப் பாடு பிரிக்கறான்" என்று நீதான் முந்திக்கொண்டு சொல்வாய்.

பிறகு, அரசு பாதி வைத்திருந்த டெர்மினலை முழுவதுமாகத் தனியாரிடம் கொடுத்தார்கள். முதலில் எங்கள் சட்டையின் நிறம் மாறியது. அடுத்து என் பெயர் ஒரு கான்ட்ராக்டரின் பட்டியலுக்குப் போனது. கடைசியில் கப்பல்களின் வரிசை மாறியது. அதுவரைக்கும் முதலில் வந்த கப்பலுக்கு முதல் இடம். புது நிர்வாகம், தன்னோடு ஒப்பந்தம் போட்ட கம்பெனிகளுக்கு வாரத்தில் இந்தக் கிழமை, இந்த மணி என்று இடத்தை நிரந்தரமாக ஒதுக்கியது. மற்ற கப்பல்கள் வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். எனக்கு அதில் தப்பே தெரியவில்லை. இப்போதும் வேலை என்று பார்த்தால் அது சரியான ஏற்பாடுதான். கிரேன் சும்மா நிற்காது, லாரிகள் வாசலில் குவியாது.

"பஸ்சுக்கு டைம் இல்லயா மச்சான், அந்த மாதிரி" என்று உனக்கு விளக்கினேன்.

"செரி, ரெண்டு நாளா வெளிய நிக்கறானே, அவன் இன்னா பண்ணுவான்?"

"நிப்பான்."

"அவனுக்கு எப்பதான் பாடு?"

"எடம் காலியா இருந்தா கூப்புடுவோம்."

"அப்போ அது பாடு இல்ல மாப்ள. அது வேற" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. உனக்கு என்ன தெரியும் என்று வாய் வரை வந்தது. உன் தங்கச்சி முறைத்ததால் அடக்கிக்கொண்டேன்.

அடக்கியதையெல்லாம் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் கொட்டினேன். டெர்மினலைப் பெரிதாக்குவதற்காகப் பந்தல் போட்டு நடத்திய கூட்டம். வேலையில் இருந்த உள்ளூர்க்காரர்களை முன்வரிசையில் உட்காரச் சொன்னார்கள், அவ்வளவுதான். பேசு என்று என்னை யாரும் வற்புறுத்தவில்லை. இதை உயிரோடு இருந்த உன்னிடம் ஒப்புக்கொள்ள எனக்குத் துப்பில்லை, இப்போது சொல்கிறேன். நானேதான் கை தூக்கினேன். மைக் கையில் வந்ததும் தலை கிறுகிறுத்தது.

"ஏரில இனிமே ஒண்ணும் கெடையாது. பாடு பாடுனு கட்டிப் புடிச்சினு கீறவங்கதான் இந்த ஊர முன்னேற விடல. எனக்குனு அந்த ஏரில ஒரு முழ வலை இல்ல, ஒரு இறால் இல்ல. என் குடும்பம் நல்லாதான் கீது" என்றேன்.

பின்னால் ஒரே கூச்சல். நம் ஊர்க்காரர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். நீ மட்டும் உட்கார்ந்தே இருந்தாய். வெளியே வந்ததும் வீம்புக்கு உன் எதிரில் போய் நின்றேன். "இன்னா மச்சான், தப்பா பேசிட்டனா?" என்றேன். "ஒனக்குத் தெரியாது மாப்ள, விடு" என்று சொல்லிவிட்டு நடந்தாய். கப்பலுக்கு இடம் பிரிக்கிறவனைப் பார்த்து ஒன்றும் தெரியாது என்கிறான் பார் என்று எனக்கு ஆத்திரம். அதன்பிறகு நான் உன்னோடு பேசவில்லை.

நீ இறால் கொண்டுவருவதை மட்டும் நிறுத்தவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த வருஷத்திலிருந்தே நீ கொண்டுவருவதுதான். தங்கச்சி மேல் இருக்கிற பாசம் என்று நினைத்து வருஷக்கணக்காகத் தின்றேன். கூட்டத்துக்கு முன்பு நீ உள்ளே வந்து உட்காருவாய். அதற்குப் பிறகு கேட்டுக்கு வெளியே சைக்கிளை நிறுத்தி, "தங்கச்சி" என்று குரல் கொடுப்பாய். நான் கூடத்து நாற்காலியில் அசையாமல் இருந்து டிவி சத்தத்தைக் கூட்டுவேன். ஒரு நாள் உன் காதில் விழட்டும் என்றே உள்ளேயிருந்து கத்தினேன். "அவன் போடற பிச்சை இந்த வூட்டுக்கு வேணாம்னு சொல்லு." வெளியே சைக்கிள் ஸ்டாண்டை எடுக்கிற சத்தம் கேட்டது. அடுத்த மாதமும் நீ வந்தாய்.

கார்த்திகை மழையில் ஒரு காலை, இறால் ஏலம் நடக்கிற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நான் ஷிப்டில் இருந்தேன். எங்கள் அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. மத்தியானம் வெளியே வந்து எடுத்துப் பார்த்தால் உன் தங்கச்சியிடமிருந்து வரிசையாக அழைப்புகள். நான் வந்து சேரும்போது உனக்கு மாலை போட்டுவிட்டார்கள். உன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேனாம். எனக்கு அது நினைவில் இல்லை. உன் குதிகாலில் சேறு காய்ந்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

நீ போன நாலாவது மாதம் என் வேலையும் போனது. எல்லாத் துறைமுகங்களுக்கும் சேர்த்து வேறு ஊரில் ஒரே அறையிலிருந்து திட்டம் போடுவார்களாம். கப்பல் இங்கே வரும், இடம் சொல்கிறவன் எங்கேயோ இருப்பான். எங்களுக்கு டீயும் சமோசாவும் கொடுத்து, நன்றி என்று அச்சடித்த ஒரு அட்டையும் கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு மாதம் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினேன். நாற்பது தாண்டியவனை யாரும் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில் ஊர்த் தலைவர் ஆள் அனுப்பினார். குலுக்கல் நாள். எனக்கு அங்கே என்ன வேலை என்று தயங்கித்தான் போனேன்.

"ஒன் பாட்ட இனிமே யாருய்யா பாக்கறது? நீ வரியா, இல்ல பேர அடிச்சிடட்டா?" என்றார்.

"என் பேர தான் அப்பவே அடிச்சாச்சே."

"எவன் சொன்னான்?" என்று பட்டியலைத் திருப்பிக் காட்டினார். உன் பெயருக்குக் கீழேயே என் பெயர் இருந்தது, மச்சான். இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் யாரும் வலை கட்டாவிட்டால்தான் பெயரை அடிப்பார்கள். ஒரு பாடுகூட விடாமல் உன் பாட்டையும் கட்டி, என் பாட்டையும் நீயே கட்டியிருக்கிறாய். "ஒன் பாட்டுல வுழுந்தத அப்படியே ஒன் வூட்டுக்கு எடுத்துனு வந்துடுவான். ஒரு இறால் கையில எடுக்க மாட்டான்" என்றார் தலைவர்.

நான் மைக்கில் பேசிய மறுநாள் ஊரே கூடி என் பெயரை அடிக்கச் சொல்லியிருக்கிறது. நீதான் ஒற்றை ஆளாக நின்றாயாம். "வேல கீற வரைக்கும் அப்படிதான் பேசுவான். வேல இல்லாத நாளு ஒண்ணு வரும். அன்னிக்கு அவன் எங்க போய் நிப்பான்? பேர விட்டு வைங்க" என்றாயாம். அந்த நாள் வரும் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியவில்லை.

அதே குலுக்கலில் உன் பெயரை அடித்தார்கள். உனக்கு இருப்பது இரண்டும் பெண்கள், பெண்களுக்குப் பாடு கிடையாது. என் பெயரை அடித்துவிட்டு அவன் பெயரை விடுங்கள் என்று கெஞ்சினேன். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கோடு போட்டார்.

வீட்டுக்கு வந்து உன் தங்கச்சியிடம் சண்டை போட்டேன். அவளுக்கு எல்லாம் தெரியும். "சொல்லியிருந்தா வீம்புக்குப் போய் அன்னிக்கே அடிச்சிட்டு வந்திருப்ப. அண்ணன் தான் சொல்லாதனு சொல்லிச்சி" என்றாள். அதைத்தான் செய்திருப்பேன்.

சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்த பிறகு, இன்று விழுந்த இறாலில் பாதியைப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். இனி ஒவ்வொரு பாட்டிலும் பாதி அங்கேதான் போகும். உன் வீட்டம்மா வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்து தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்து, பிறகு சொன்னாள்.

"ஒங்க பாட்டு இறால அவரு காலைலயே எடுத்தாந்துடுவாரு அண்ணா. ஆனா அந்தக் கூட்டத்துக்கு அப்பறம் ஒடனே ஒங்க வூட்டுக்கு வர மாட்டாரு. ஐஸ் போட்டு வெச்சிட்டு, ஒங்க தெரு பக்கம் சும்மா சைக்கிள்ல போய் பாத்துனு வருவாரு. ஒங்க வண்டி வாசல்ல நின்னா தான் எடுத்துனு கெளம்புவாரு. ஏன்யா, தங்கச்சிகிட்ட தான குடுக்கப் போற, எப்ப குடுத்தா இன்னானு நான் கேப்பேன். அவன் வூட்ல கீற நேரமா போனா ஒரு வாட்டியாவது வெளிய வருவான்னு சொல்லுவாரு."

நான் உள்ளேதான் இருந்தேன், மச்சான். ஒவ்வொரு தடவையும் இருந்தேன். அந்த நாற்காலியிலிருந்து கேட்டுக்கு எட்டு அடிதான் இருக்கிறது. இன்றைக்குத் திரும்பி வந்து நடந்து பார்த்தேன்.