ஐயாவுக்கு ஒரு சிரிப்பு

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். எண்ணெய்ச் சாயம் காயவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை போட்ட வானம் இன்னும் விரலில் ஒட்டுகிறது. கீழே குடோனில் பனியன் வேஸ்ட் பிரிக்கிறார்கள். பஞ்சு மாடியேறி வந்து ஈர வானத்தில் உட்கார்ந்துவிட்டது. ஊசிமுனையால் ஒவ்வொன்றாக எடுத்தேன். எடுத்த இடமெல்லாம் அம்மைத் தழும்பு.

வாங்க வேண்டியவை: சாயம் குழைக்க லின்சீட் எண்ணெய் (கோவையில்தான் கிடைக்கும்), சின்ன ஆணி, இருமல் மருந்து, ஷாம்பு.

மத்தியானம் எம்.டி.யின் கம்பெனி. திருப்பூரில் பெரிய பனியன் ஏற்றுமதிக்காரர், முப்பத்தைந்தைத் தாண்டாத ஆள். எல்லோரும் எம்.டி. என்கிறார்கள், நானும். புது ஆபீஸின் கீழ்த்தள ஹாலைக் கண்காட்சிக்குத் தருகிறார். என் முதல் கண்காட்சி. சென்னையில் ஓவியம் படித்துவிட்டு வந்து இத்தனை வருஷத்தில் பிரிண்டிங் பட்டறையில் டி-ஷர்ட்டுக்குக் கரடிப் பொம்மையும் மண்டையோடும் வரைந்ததுதான் மிச்சம். அதனால் அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன்.

சொன்னது இது. "எங்கப்பா படம் ஒண்ணு வேணுங்க மேடம். ஆளு உசரத்துக்கு. உங்க எக்சிபிஷன் அன்னைக்கே அம்மா கையால தெறந்துரலாம். ஃபாரின்ல இருந்து துணி வாங்கற பையருங்க வர்றாங்க."

கம்பெனியை ஆரம்பித்த ஐயா. போன வருஷம் காலமானவர். இரண்டு போட்டோ தந்தார். ஒன்று பாஸ்போர்ட் அளவு. இன்னொன்று ஆயுத பூஜையன்று மெஷின்களுக்கு முன்னால் எடுத்தது. இரண்டிலும் தாடையை இறுக்கிக்கொண்டு, எதிரில் நிற்பவனை வேலையை விட்டு அனுப்பப்போகிற முகம்.

"சிரிச்ச மாதிரி போட்டுருங்க."

"சிரிச்ச போட்டோ ஏதாச்சும் இருக்குங்களா?"

யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "இல்லீங்க. நீங்க ஆர்ட்டிஸ்ட்தானுங்க?"

மேனேஜர் அழைப்பிதழ் மாதிரியின் முனையால் பல் குத்திக்கொண்டிருந்தார். பிறகு அதையே எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு முறை கை கழுவினேன்.

நவம்பர் 6, வியாழன்

பட்டறைக்கு லீவ் சொல்லிவிட்டு, ஐயாவின் ஊரான குண்டடம் போனேன். படத்தின் பின்னணியில் ஐயாவின் தோட்டமும் கிணறும் வரவேண்டுமாம். பல்லடத்தில் பஸ் மாறும்போது கோழி லாரி ஒன்று உரசிக்கொண்டு போனது. டீயில் ஒரு இறகு. கடைக்காரர் விரலை விட்டு எடுத்துவிட்டு, "குடிங்க, ஒண்ணும் ஆவாது" என்றார்.

கிணற்றுமேட்டில் உட்கார்ந்து வரைந்தேன். பனை, தொட்டி, மோட்டார் ரூம். கோடு நன்றாக வந்தது, இந்த மாதத்தில் முதல் தடவையாக. பின்னால் ஒருவர் நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு, "ஏனுங்க, இந்தப் பக்கம் ரோடு வருதுங்களா?" சர்வேக்காரி என்று நினைத்திருக்கிறார். படம் என்றேன். ஏமாந்துபோய்ப் போனார்.

ராமாத்தாள் அம்மா, எம்.டி.யின் தாயார், இங்கேதான் தனியாக இருக்கிறார். திருப்பூர் பங்களா வேண்டாமாம். எழுபது இருக்கும். வந்ததும் என் இடப்பக்கம் இருந்த கல்லை விட்டுவிட்டு, சுற்றி வந்து வலப்பக்கம் உட்கார்ந்தார்.

"இந்தக் காதுதான் கேக்கும் கண்ணு. அந்தக் காது அவரு குடுத்தது."

எப்படி என்று கேட்டேன்.

"சோத்துல ஒரு கல்லு. ஒத்தக் கல்லு. மெஷின் ஓட்டற பசங்க எல்லாம் நின்னுட்டிருந்தாங்க. அவிய முன்னால வெச்சே அடிச்சாரு. அன்னைக்கு இருந்து உள்ளார வண்டு மாதிரி ஒரு சத்தம். பொறவு அதுவும் நின்னுபோச்சு."

தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற அதே குரல். அழுகை இல்லை, கோபம்கூட இல்லை. கிணற்றில் ஒரு தவளை கத்திக்கொண்டே இருந்தது.

"பையன் சிரிச்ச மாதிரி போடச் சொன்னானாமா?"

"ஆமாங்கம்மா."

"அவரு எங்க சிரிச்சாரு? பல்லக் கடிச்சுட்டு நிப்பாரு. உள்ளது உள்ளபடி போடு கண்ணு."

மோர் தந்தார், வாசலில் கறிவேப்பிலை ஒடித்துத் தந்தார். பஸ்ஸில் வரும்போது ஸ்கெட்ச் புத்தகத்தைத் திறக்கப் பிடிக்கவில்லை. நல்ல கோடுதான். யாருடைய கிணறு என்று தெரிந்த பிறகு நல்ல கோடும் குமட்டுகிறது.

நவம்பர் 9, ஞாயிறு

மழை விட்டது. கரண்ட் இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் வேலை.

வேட்டி, சட்டை, கை எல்லாம் சுலபம். வாய் வரவில்லை. ஒரு சிரிப்பு போட்டால் பல் வலிக்காரர் மாதிரி இருக்கிறது, இன்னொன்றில் ஓட்டுக் கேட்கிறவர். துடைத்துத் துடைத்து அந்த இடம் சாணி நிறமாகிவிட்டது. கடைசியில் கம்பெனி காலண்டரில் எம்.டி. பல் தெரிய விருது வாங்குகிற போட்டோவை எடுத்து, மகன் பல்லை அப்பன் வாயில் வைத்தேன். உடனே உட்கார்ந்துவிட்டது. என் கைக்கு இவ்வளவு பொய் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

பக்கத்து ரூம் ஸ்டெல்லா வந்தாள். தெற்கே திசையன்விளைப் பெண், வேறொரு பனியன் கம்பெனியில் தைத்த துணியைச் சரிபார்க்கிற செக்கிங் வேலை. என் படங்களில் ஒன்பது அவள்தான். ஷிஃப்ட் முடிந்து மொட்டை மாடியில் தலையை விரித்துப் போட்டுப் பஞ்சை வாருகிற படங்கள். எனக்கு உருப்படியாக வந்தவை அந்த ஒன்பதும்தான்.

"யாருக்கா இவிய? கல்யாண வீட்டுல பந்தி விசாரிக்கிய மாதிரி நிக்காவ."

ராமாத்தாள் அம்மாவின் காதைப் பற்றிச் சொன்னேன். சட்டத்தைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டாள்.

"சீ. அந்த மூஞ்சிக்கா இந்தச் சிரிப்பு?" கையைத் துடைத்துக்கொண்டே, "எங்க அப்பனுக்கும் ஒண்ணு போட்டுத் தாக்கா. ஊர்ல மாட்டிக்கிடட்டும்."

கண்காட்சிக்கு லீவ் சொல்லிவிட்டாளாம். லைனில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாளாம், சுவரில் தான் தொங்கப்போவதாக. என்ன புடவை கட்ட என்று கேட்டாள். பச்சை என்றேன்.

நவம்பர் 12, புதன்

எம்.டி. வந்தார், மேனேஜருடன். செருப்போடு உள்ளே. ஐயா படத்தின் முன்னால் நின்று, "சூப்பருங்க! அப்பாவே எந்திரிச்சு வந்த மாதிரி இருக்குது" என்றார். எந்த அப்பா?

பிறகு சுவரோரம் சாய்த்திருந்த என் படங்கள். ஒவ்வொன்றாகத் திருப்பினார். உடுமலைக் காற்றாலைக் காத்தாடிகளைப் பார்த்து, "இது எவ்ளோ நீட்டா இருக்குது!" ஸ்டெல்லா படங்களுக்கு வந்ததும் கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டுபோனார். படத்திலிருந்து பஞ்சு பறந்து வரும் போல.

"இதெல்லாம் வேண்டாங்க மேடம். பையர் பாத்தா, லேபருக்கு மாஸ்க் குடுக்கறதில்லியான்னு கேப்பான். கம்ப்ளையன்ஸ் பிரச்னைன்னு ஆர்டரையே நிறுத்திருவான்."

"ஒரு பொண்ணு தலை வாருதுங்க. அவ்வளவுதான்."

"அதேதானுங்க. அழகா எண்ணெய் வெச்சு, பூ வெச்சு வாரற மாதிரி போட்டிருக்கலாமல்லங்க?"

"சரிங்க" என்றேன். எழுதி வைக்கிறேன், வேறு எங்கும் சொல்ல முடியாது. சரிங்க என்றேன். அவர் போன பிறகு தரையில் செருப்புத் தடம், சாயக்கழிவுச் சேறு, ஒரு மாதிரி ஊதா. துணி போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

சாயங்காலம் ஸ்டெல்லாவிடம் சொன்னேன். "போட்டும்க்கா" என்றாள். "அங்க நின்னு என்னய நானே பாக்கணும்னு ஒரு ஆச. வேற ஒண்ணும் இல்ல." பிறகு ரொம்ப நேரம் பாத்திரம் கழுவும் சத்தம்.

நவம்பர் 16, ஞாயிறு

நான்கு நாளாக எதையும் தொடவில்லை. பட்டறையில் கரடி. அமெரிக்காவில் ஏதோ கவிழ்ந்துவிட்டதாம், ஆர்டர் இல்லையாம், கரடியைச் சின்னதாக்கச் சொல்கிறார்கள். கலர் குறையுமாம்.

இன்று காலை, மிச்சமிருந்த கேன்வாஸை ஆணியில் மாட்டி, ஆயுத பூஜை போட்டோவைப் பார்த்து வரைந்தேன். பின்னணி கிடையாது. இறுகிய தாடை, மூடிய வாய், சாதத்தில் கல்லைக் கடித்த அந்த நொடி. நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்தது. நன்றாக வந்திருக்கிறது. அந்த ஆள் அறைக்குள் இருப்பது பிடிக்காமல் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுச் சாப்பிட்டேன்.

யாருக்காக என்று தெரியாது. கை சும்மா இருக்கவில்லை.

நவம்பர் 22, சனி

திறப்பு விழா. ஹாலில் மல்லிகையும் ரூம் ஸ்ப்ரேயும் கலந்து தலைவலி. வெள்ளைக்காரர்கள் நான்கு பேர், நெற்றியில் சந்தனம். என் படங்களின் முன் ஒருவர் வெகுநேரம் நின்றார். பக்கத்தில் போனேன். ஏசி காற்று அங்கேதான் வந்தது. இன்னொருவர் காத்தாடிப் படத்தைக் காட்டிக் கேட்டார், சட்டம் என்ன மரம் என்று.

ராமாத்தாள் அம்மாவைக் காரில் கொண்டுவந்து இறக்கினார்கள். பட்டுத் திரையை விலக்கினார். கைதட்டல். ஐயா ஆள் உயரத்துக்கு நின்று, மகன் பல்லோடு, எல்லோரையும் சாப்பிட அழைத்தார்.

அம்மா படத்தைப் பார்த்தார். மேலிருந்து கீழ், மறுபடி மேல். கைதட்டல் ஓய்ந்துவிட்டது. எம்.டி. குனிந்து, "எப்படீம்மா இருக்குது?" என்றார். மைக் அவர் கையிலேயே இருந்தது.

"நல்லாத்தான் இருக்குது சாமி. இவரக் கட்டியிருந்தா நல்லா இருந்திருப்பேன்."

ஹால் முழுக்கக் கேட்டது. பின்வரிசையில் நின்ற டெய்லர் பெண்களிடமிருந்து ஒரு சிரிப்புச் சத்தம், உடனே கைகளால் பொத்திக்கொண்டார்கள். வெள்ளைக்காரர் ஒருவர் அம்மா என்ன சொன்னார் என்று கேட்க, மேனேஜர், "ஷீ சேஸ் வெரி பியூட்டிஃபுல்" என்று ஆங்கிலத்தில் மாற்றினார். மறுபடி கைதட்டல்.

 பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்து கை கழுவினேன். அம்மா அங்கேயும் வந்தார்.

"நீ படம் போடற எடம் எங்க இருக்குது கண்ணு?"

சொன்னேன்.

நவம்பர் 23, ஞாயிறு

எம்.டி. போன். குரலில் தூக்கமில்லை. "அம்மாவுக்கு வயசாயிருச்சுங்க, ஒண்ணு ரெண்டு அப்படித்தான் பேசுவாங்க. நேத்திருந்து எல்லாரும் அதையே பேசறாங்க. அந்தச் சிரிப்பக் கொஞ்சம் கம்மி பண்ண முடியுங்களா?"

"முடியாதுங்க."

"சின்ன டச்சப்தானுங்க?"

"நீங்க கேட்ட சிரிப்புங்க அது. அப்படியே இருக்கட்டும்."

அந்தப் பக்கம் மேனேஜரிடம் ஏதோ கேட்டார். பிறகு, "அப்ப உங்க படத்தையெல்லாம் இன்னைக்கே எடுத்துக்கோங்க. நாளைக்கு ஹால்ல சாம்பிள் டிஸ்ப்ளே" என்றார். ஒரு வாரம் என்று சொல்லியிருந்த கண்காட்சி.

போனபோது படங்கள் பார்க்கிங்கில், முகம் சுவரைப் பார்க்க. மேலே தகரம் ஒழுகியதில் இரண்டு நனைந்துவிட்டன. ரிசப்ஷனில் ஐயா, புது மாலையோடு. ஸ்டெல்லா சரக்கு ஆட்டோவோடு வந்தாள். பச்சைப் புடவை.

"தெறப்பு விழாவுக்குக் கட்ட எடுத்து வச்ச சேல வீணாப் போவக்கூடாதுல்லா" என்றாள். இரண்டு பேருமாக ஏற்றினோம். வழியெல்லாம் எம்.டி.யின் மேனேஜரைத் தன் ஊர்ப் பாஷையில் திட்டிக்கொண்டே வந்தாள். நான் இரண்டொரு வார்த்தை கற்றுக்கொண்டேன்.

நவம்பர் 25, செவ்வாய்

வெயில். நனைந்த படங்களை மொட்டை மாடியில் வைத்தேன். ஒன்று தேறும்.

மத்தியானம் ராமாத்தாள் அம்மா. குண்டடத்திலிருந்து தனியாக, இரண்டு பஸ் மாறி. மாடிப்படி ஏறி மூச்சு வாங்கியது. நாற்காலியைப் போட்டேன்.

"நான் சொன்னத நீ போட்டியா இல்லியான்னு பாக்க வந்தேன்."

சுவர்ப் பக்கம் இருந்த படத்தைத் திருப்பினேன்.

அம்மா எழுந்து நின்றுவிட்டார். முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டு, தலை குனிந்து. ஒரு நொடிதான். நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன், மயக்கம் என்று நினைத்து.

"ஒண்ணுமில்ல கண்ணு. அவரு முன்னால உக்காந்ததில்ல. ஒடம்பு தானா எந்திரிச்சுருச்சு." பிறகு தன்மேலேயே அருவருத்த மாதிரி முகம் சுளித்து, "ச்சீ" என்றார்.

படத்தைத் திருப்பப் போனேன். கையை நீட்டித் தடுத்தார். நாற்காலியை அவரே இழுத்து, படத்துக்கு நேர் எதிரில் போட்டு, மெதுவாக உட்கார்ந்தார். கைப்பிடி இரண்டையும் இறுகப் பிடித்துக்கொண்டார்.  பார்வையை எடுக்கவில்லை.

டீ போட்டுக் கொடுத்தேன். குடித்து முடித்தார். டம்ளரை நீட்டினார்.

"இன்னொண்ணு கெடைக்குமா கண்ணு? நான் இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்திருக்கோணும்."