மூக்கு வைத்த வண்டி

சபரி அப்பாவுக்கு,

இதை மயில்சாமி அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொன்னால் உங்கள் போர் போடும் ரிக் லாரியில் இருக்கும் எல்லாருக்கும் கேட்கும்.

சபரிக்குச் சரக்கு வண்டி புக் செய்துவிட்டேன். முன்னால் மூக்கு வைத்த புது மாடல்தான். மூக்கில்லாத பழைய மாடல் எண்பதாயிரம் குறைவு, அடுத்த மாதம் இரண்டுமே விலை ஏறும் என்றார்கள். “தகர மூக்குக்கு எண்பதாயிரமா? ரெண்டு பொட்டலங் கட்டி அம்மன்கிட்டப் பூக் கேட்டுப் பாரு. வெள்ளை வந்தாப் புதுசு, செவப்பு வந்தாப் பழசு” என்றீர்கள். வெள்ளை வந்தது என்று நானும் சொன்னேன்.

அது இரண்டாம் நாள் வந்தது. முதல் நாள் பூசாரி எடுத்த பொட்டலத்தில் சிவப்பு அரளிதான் இருந்தது.

அன்றைக்கே ஷோரூமுக்குப் போய்ப் பழைய மாடலில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். முழங்காலுக்கும் முன்தகரத்துக்கும் நடுவே ஒரு சாண்தான். பெரியவன் ஓட்டியதும் அதே வண்டிதானே. மோதின அன்றைக்கு அந்த ஒரு சாண் அவனைக் காப்பாற்றவில்லையே.

மறுநாள் இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையையே கட்டிக் கொண்டுபோனேன். “அம்மனே சொல்லீட்டா சாமி, இனிப் பயப்படாதீங்க” என்றார் பூசாரி.

இவன் முட்டை லோடு ஏற்றிக்கொண்டு மேட்டூர் ரோட்டில் போகும்போது, காப்பாற்று என்று எந்த முகத்தோடு அவளிடம் போய் நிற்பேன்? எனக்கு இனி அந்த ஒரு முழத் தகரம்தான் சாமி.

வந்து என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். புக்கிங்கை மட்டும் மாற்றாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் அம்மா