நான் கட்டிவிட்ட ஐஸ் கொக்கிக் கதை

ஏளா,

இன்றைக்கு மணப்பாட்டில் ஒரு வீட்டு வாசலில், பென்சில் நீளப் பஞ்சுக்குச்சி ஒன்றை நீட்டிக்கொண்டு நின்றேன். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனைக்கு. பெண்கள் ஏன் வரமாட்டேன் என்கிறார்கள் என்று ஒரு ஆராய்ச்சிக் குழு ஊர் ஊராகக் கேட்கிறது. கூச்சப்படுகிறவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு தாங்களே மாதிரி எடுத்துத் தந்தால் ஆகுமா என்றும் பார்க்கிறது. வாய் நீளம் என்பதால் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த வீட்டு அக்கா குச்சியைத் தொடவே இல்லை. "தூத்துக்குடில ஒருத்திக்கு ஐஸ் கட்டி இழுக்குத கொக்கிய விட்டுல்லா பாத்தாங்களாம். ரெண்டு நர்சு கால அமுக்கிப் பிடிச்சாளுவளாம்" என்றாள்.

நர்சுகள் வழியில் யாரோ சேர்த்தது. கொக்கி என்னுடையது.

இறால் கம்பெனியில் பதினோரு வருஷம் நீயும் நானும் எதிரெதிரே நின்று உரித்தோம். சுகாதார நிலையத்தில் இதே சோதனைக்கு முகாம் போட்டபோது, முதலில் நான் போய்ப் பார்த்து வருகிறேன், அடுத்த வாரம் நீ போ என்று பேச்சு. மறுநாள் கம்பெனி வேனில் அவ்வளவு பேரும் என் வாயைப் பார்த்தார்கள். எனக்கு அது போதாதா? கொக்கிக் கதையை எடுத்துவிட்டேன். டாக்டரம்மா டார்ச் அடித்து 'வீட்டுல யாரு?' என்று கேட்டதாகவும் சொன்னேன். டிரைவர் அண்ணாச்சி ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டார். நீ முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாய்.

அடுத்த வாரம் நீ போகவில்லை. உதிரப்போக்கு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மூன்று வருஷம் ஆகியிருந்தது.

முகாம் அன்றைக்கு நானும் சோதித்துக்கொள்ளவில்லை, ஏளா. எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போதே வரிசையை விட்டுச் செருப்பைத் தேடி ஓடிவந்துவிட்டேன். பயந்தேன் என்று சொல்ல வெட்கம். அதை மறைக்கத்தான் அத்தனை கதையும்.

நீ கண்ணை மூடிய பிறகு சோதித்துக்கொண்டேன். கொஞ்சம் கூச்சம், கொஞ்சம் அழுத்தம். எத்தனை பிள்ளைகள் என்று கேட்ட நர்சம்மா, நான் பதில் சொல்லி முடிக்குமுன் முடிந்துவிட்டது என்று எழுந்திரிக்கச் சொல்லிவிட்டார். வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் நின்று அழுதேன். வலித்திருந்தால் தேவலை.

மணப்பாட்டு அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கதையைக் கட்டியவள் நான்தான், அன்றைக்கு அந்த அறைக்குள்ளேயே போகவில்லை என்று. என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஒனக்கு வெக்கமா இல்லியா?" என்று கேட்டுவிட்டு, குச்சியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

முகம் தெரியாத ஒருத்தியிடம் சொல்ல முடிந்தது. உன்னிடம் முடியவில்லை. முற்றிவிட்டது என்று டாக்டர் சொல்லிப் போன மத்தியானம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நீதான் என் கையைப் பிடித்தாய்.

"என்னையும் சோதிச்சுப் பாத்தாங்க. கொக்கியெல்லாம் காணல. ஒனக்குத்தான் பாவம், அன்னைக்கு எப்படி வலிச்சுதோ" என்றாய்.

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். நீ என் கையைத் தடவிக்கொடுத்தாய். அந்தத் தடவலை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?