பாதிச் சாட்சி

ஜூலை 7, திங்கள்

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது தம்பி மனைவி வெண்மதியின் போன். "அண்ணி, அவுரு மறுபடியும் குடிச்சிட்டு கீரப்பாளையம் பஸ் ஸ்டாப்புல விழுந்து கெடக்குறாரு. வந்து பாருங்க."

பள்ளிக்கூடத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ஓடினேன். தம்பி எழிலன் சட்டையெல்லாம் மண். இரண்டு வருஷம் குடியைத் தொடாமல் இருந்தவன். ஆட்டோவில் ஏற்றி வீட்டில் படுக்கவைத்தோம். கடலூரில் என் வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் கையில் வாந்தி நாற்றம்.

இவனுக்காக ஒன்பது வருஷம் சனிக்கிழமைதோறும் உபவாசம் இருந்தேன். எதுக்கு? ஆண்டவரே, எதுக்கு?

ஜூலை 8

ஜெபிக்கவில்லை. வேண்டுமென்றேதான்.

ஜூலை 13, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் கூப்பிட்டார். 27ஆம் தேதி சபை ஆண்டுவிழாவில், ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையை நான் எழுந்து சாட்சியாகச் சொல்ல வேண்டுமாம். எழிலன் குடியை விட்ட கதை. போன வருஷம் சொன்னபோது எல்லோரும் கை தட்டினார்களே, அதே கதை. இப்போது நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பைபிள் உறையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடினார்.

"பழையதையே சொல்லுங்க டீச்சர். இத சொன்னா ஜனங்க சோர்ந்து போயிடுவாங்க."

ஜனங்க சோர்ந்துடுவாங்களாம். அப்ப நான் யாரு? வியாதிக்காரங்க வூட்டுக்குப் போ, பெண்கள் ஐக்கியத்த நடத்து, சாவு வூட்டுல பாட்டு எடு — எல்லாத்துக்கும் நான். உள்ள ஒண்ணுமே இல்ல. வாய் மட்டும்தான் ஸ்தோத்திரம் சொல்லுது. அது ஒருத்தர் கண்ணுக்குமா தெரியல?

ஆனாலும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அந்தத் தலையை என்ன செய்வது?

ஜூலை 19, சனி

கீரப்பாளையம் போனேன். எழிலன் தெளிவாக இருந்தான். ஏன்டா என்றேன். கத்தத்தான் கத்தினேன். அவன் கத்தவில்லை.

"எனக்காக ஜெபம் பண்றத வுட்டுடுக்கா. நீ சபையில எம்பேர சொன்னதுலேருந்து எங்க போனாலும் சாட்சிக்காரன் வரான்னு பாக்குறாங்க. மறுபடியும் கை நடுங்குனப்ப யாருகிட்ட போயி சொல்றது? ஒங்கிட்டயே சொல்ல முடியல."

உண்மைதான், அவனைக் கேட்காமல்தான் அன்றைக்கு எழுந்து பேசினேன். அவன் பிழைத்ததை விட என் ஜெபம் ஜெயித்ததுதான் எனக்குப் பெரிதாக இருந்ததோ? பஸ்ஸில் வரும்போது பாஸ்டர் மேல் கோபம், அவன் மேல் கோபம், ஆண்டவர் மேல் கோபம். கடைசியில் எல்லாம் சுற்றி என் மேலேயே வந்து நின்றது.

ஜூலை 26

எழிலனுக்குப் போன் செய்து கேட்டேன், நாளைக்கு உள்ளதை உள்ளபடி சொல்லட்டுமா என்று. "சொல்லுக்கா. பொய் மட்டும் சொல்லாத."

ஜூலை 27, ஞாயிறு

சொன்னேன். "என் தம்பி மறுபடியும் குடிக்கிறான். போன வருஷம் நான் சொன்னது பாதிச் சாட்சி. ஆண்டவர் மேல எனக்கு ரொம்பக் கோபம். வேற எங்க போறதுன்னு தெரியாமத்தான் வந்து நிக்கிறேன்."

யாரும் கை தட்டவில்லை. பாஸ்டர் அவசரமாகப் பாட்டு எண்ணைச் சொன்னார்.

வெளியே வந்ததும் மலர்க்கொடி கையைப் பிடித்துக்கொண்டாள். தேவனாம்பட்டினத்தில் மீன் விற்கிறவள். எப்போதும் கடைசி வரிசையில் உட்காருவாள். "எங்க வூட்டுக்காரரு பதினாலு வருசமா குடிக்கிறாரு டீச்சர். சாட்சி சொல்ல ஒண்ணும் இல்லியேன்னுதான் பின்னாடியே குந்திக்கிறது."

பதினாலு வருஷம். பெண்கள் ஐக்கியத் தலைவி நான். ஒருநாளாவது கேட்டிருக்கிறேனா?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

'டீச்சருக்குக் கொஞ்ச நாள் ஓய்வு' என்று பாஸ்டர் மேடையில் அறிவித்தார். தலைவி பொறுப்பு வேறொருவருக்கு. என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. எழுந்து போய்விடலாம் என்று வாசலில் கிடந்த செருப்புவரை போனேன். திரும்பி வந்து மலர்க்கொடி பக்கத்தில், கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஆசீர்வாதம் கூறி முடிக்கும்வரை இருந்தேன். பிடிவாதம்தான், பக்தி இல்லை.

ஆகஸ்ட் 9, சனி

மலர்க்கொடி வீட்டில் ஜெபம். நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கு வாயே திறக்கவில்லை. "நீங்க சும்மா குந்துங்க டீச்சர், நான் பேசுறேன்" என்றாள். பேசினாள். "எத்தினி தடவதான் சொல்றது ஒனக்கு, ஆண்டவரே? காது கேக்குதா இல்லியா? எங்க வூட்டுக்காரரப் பாரு. டீச்சர் தம்பியையும் பாரு." பாக்கிக்காரனை வாசலில் நிறுத்திக் கேட்கிற தோரணை. எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை. ஒரு மாதத்துக்குப் பிறகு அழுதேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

வெண்மதி பேசினாள். எழிலன் யாரும் சொல்லாமலே ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தானாம். குடிக்காமல் இன்றோடு நாலு நாள். நாளைக்கு எப்படியோ, தெரியாது. சபையில் சொல்லப்போவதில்லை.

காலையில் ஜெபிக்க முழங்கால் போட்டேன். ஸ்தோத்திரம் ஒன்றும் வரவில்லை. ஆண்டவரோடு சண்டைதான் போட்டேன், வாய்விட்டு, சத்தமாக. நேரமாகிவிட்டது என்று பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் ஆமென் சொல்லாதது தெரிந்தது.

சொல்லவில்லை. சிதம்பரம் போய்ச் சேரும்வரை பேசிக்கொண்டே போனேன்.