இடதுக்கு ஏது சிவப்பு

செவ்வாய், ராத்திரி.

ஏலக்காய்த் தோட்டத்துப் பொம்பளைகளை ஜீப்புல ஏத்திக்கிட்டுத் தேனிக்கு வந்தேன். சிக்னல்ல சிவப்பு. இடது பக்கம் திரும்ப எதுக்கு நிக்கணும்னு எப்பவும்போல ஒடிச்சேன். நான் திரும்புன ரோட்டுல இருந்து வந்த ஸ்கூட்டர்க்காரன் அங்கனயே யூ-டர்ன் போட்டுட்டான். ஒரு சாண் இடைவெளியில பிரேக் பிடிச்சது. பின்னால அவன் பொண்டாட்டி, மடியில கைப்பிள்ளை.

இறங்கிக் கத்துனேன். "ஏலே, யூ-டர்ன் போடுறவன் பாத்துப் போட மாட்டியா?" பொம்பளைகளும் எனக்காகக் கத்துனாக. "தப்புதாண்ணே"ன்னு கும்பிட்டான்.

ஊர்ல இறங்குறப்போ அந்தப் பொம்பளைகள்ல பேச்சியம்மா மட்டும் கேட்டாக: "நமக்குத்தானண்ணே சிவப்பு எரிஞ்சுச்சு?"

"இடதுக்கு ஏது ஆத்தா சிவப்பு?"ன்னேன்.

மனசு கேக்கல. திரும்ப அந்தச் சிக்னலுக்குப் போய்ப் பாத்தேன். நிக்காம இடது பக்கம் போகலாம்னு அங்கன ஒரு போர்டும் இல்ல. பச்சை விழுந்து வந்தவன் அவன்தான். பன்னெண்டு வருசமா நான்தான் இல்லாத போர்டை நம்பிப் போயிருக்கேன்.

மன்னிப்புக் கேக்கலாம்னா எந்த ஊர்க்காரன்னு தெரியாது. கத்துன வேகத்துல மூஞ்சியக்கூடச் சரியாப் பாக்கல. கும்பிட்ட கை மட்டும் ஞாபகத்துல இருக்கு.