மூடித் தைத்த காஜா

அன்பு மகள் வாயாடிக்கு அம்மா எழுதுவது.

இங்கு எல்லோரும் நலம் என்று எழுதிப் பழகிய கை அதையே எழுதப் போனது, நிறுத்திவிட்டேன். இதைப் போனில் சொல்ல முடியாது. நீ அழுவாய், நானும் அழுவேன், கடைசியில் சாப்பிட்டாயா தூங்கினாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவோம். அதனால்தான் கடிதம். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

வேலையை விட்டுவிட்டு வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் போவதாகச் சொன்னாய். பெத்தவங்களுக்காக இதுகூடப் பண்ண மாட்டேனா என்று கேட்டாய். பதினோரு மாதத்துக்கு முன்பு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தபோது, தையல் கடையைப் பூட்டிவிட்டு நானும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னேன்.

கைக்குப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வருவாளே ஒரு பெண், பேசும்போதே கைக்கடிகாரத்தைப் பார்ப்பவள், நினைவிருக்கும். முதல் வாரமே அவள் சொன்னாள், தினமும் காலைல சட்டை பட்டனை அவரே போடட்டும்மா, ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும், நீங்க கை வெக்காதீங்க என்று. மூன்று நாள் பார்த்தேன். விரல் பட்டனைத் தேடும், பிடிக்கும், நழுவவிடும். அவருக்கு நெற்றியெல்லாம் வியர்க்கும். ஒரு நாள் அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நாலாம் நாள் அவருடைய ஏழு சட்டைகளையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பட்டன் நுழைகிற காஜாவையெல்லாம் மூடித் தைத்தேன். அதன்மேல் பார்வைக்குப் பட்டனை வைத்துத் தைத்து, உள்பக்கம் வெல்க்ரோ பட்டை கொடுத்தேன். அமுக்கினால் ஒட்டிக்கொள்ளும். முப்பது வருடத் தொழிலில் அவ்வளவு நேர்த்தியாக எதையும் தைத்ததில்லை. அமுக்கிவிடுவதையும் நானே செய்தேன். அந்தப் பெண் வந்து, இன்னிக்கு நீங்களே போட்டீங்களா என்று கேட்டாள். அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆமாம் என்று தலையாட்டினார். எனக்காகச் சொன்ன பொய் அது.

அப்புறம் எதைத்தான் நான் அவரைச் செய்ய விட்டேன்? ஊட்டினேன், சவரம் செய்தேன், அவர் ஒரு வார்த்தையைத் தொடங்கினால் மீதியை நானே சொல்லி முடித்தேன். உன் அத்தை வந்தவள், உன்னை மாதிரி பொண்டாட்டி கிடைக்க அண்ணன் குடுத்து வெச்சிருக்கணும் என்றாள். உனக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன், அந்தப் புகழ் எனக்கு வெல்லமாக இனித்தது. ஊர் மெச்ச மெச்ச இன்னும் ஓடினேன்.

ஓடுகிறவளுக்கு மூச்சு வாங்காமல் இருக்குமா? ஒரு நாள் மூன்றாவது முறையாக அவரைக் கழிப்பறைக்குத் தாங்கிப் பிடித்துக் கூட்டிப் போகும்போது, உங்களுக்காக எல்லாத்தையும் விட்டுட்டுக் கெடக்கேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். வாய் தவறி என்பதும் பொய்தான். மனதில் ஊறிக் கிடந்ததுதான் வெளியே வந்தது.

அன்றிலிருந்து அவர் அதிகம் கூப்பிடவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கிற தம்ளரும் ஒவ்வொரு முறையும் காலியாகிவிடும். கட்டிலுக்குக் கையெட்டும் தூரத்தில் ஜன்னலோரம் வாடிக்கிடந்த தொட்டிச் செடிகூடத் துளிர்த்தது. நம் கை ராசிதான் என்று நினைத்துக்கொண்டேன். போன மாதம் அவருக்குக் குளிர்காய்ச்சல் வந்து நினைவு தப்பியபோதுதான் டாக்டர் சொன்னார், சிறுநீரகம் வரை சீழ் ஏறியிருக்கிறது, இந்த மனிதர் வாரக்கணக்கில் தண்ணீரே சரியாகக் குடிக்கவில்லை என்று. தம்ளர் தண்ணீரெல்லாம் அந்தச் செடிக்குத்தான் போயிருக்கிறது. உன்னிடம் சாதாரணக் காய்ச்சல் என்று சொன்னேனே, அதுதான் இது.

நினைவு வந்ததும், ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்று நர்ஸ் கேட்டாள். அவ ஏற்கெனவே தேஞ்சிட்டா, நான் குடிச்சா இன்னொரு தடவை எழுப்பணும் என்று அப்பா குழறிக் குழறிச் சொன்னார். அதை மட்டும் நான் முடித்து வைக்கவில்லை. முழுக்க அவரே சொன்னார்.

அந்த வார்டில் சட்டையை மாற்றும்போது வெல்க்ரோ சர்ரென்று பிரிந்தது. பயிற்சிக்காரப் பெண் பக்கத்தில்தான் நின்றாள். சட்டையைத் திருப்பி என் தையலைத் தடவிப் பார்த்தாள். திட்டவில்லை, கடிகாரத்தையும் பார்க்கவில்லை. முதல் ஆறு மாசத்துலதாம்மா கை நல்லாத் திரும்பும், அதை விட்டுட்டோம், இனி எவ்வளவு வரும்னு சொல்ல முடியாது என்றாள். விட்டுட்டோம் என்று தன்னையும் சேர்த்துச் சொன்னாள் பார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உன் அப்பாவின் கையை முடக்கியதில் நோய்க்குப் பாதிப் பங்கு, எனக்குப் பாதிப் பங்கு.

வீட்டுக்கு வந்ததும் ஏழு சட்டையிலும் பட்டையைப் பிரித்தேன். காஜாக்களை பிளேடால் வெட்டித் திறந்து, பட்டன்களைப் பழைய இடத்தில் தைத்தேன். இப்போது காலையில் இடது கையால் போட்டுக்கொள்கிறார். நேற்று ஐம்பது நிமிடத்தில் மூன்று பட்டன், அதில் ஒன்று தப்பான காஜாவில். நான் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். நாள் முழுக்கக் கோணல் சட்டையோடுதான் இருந்தார். பகலில் நாலு முறை கழிப்பறைக்குக் கூட்டிப் போகச் சொன்னார். ஒவ்வொரு முறை அவர் கூப்பிடும்போதும் எனக்கு உயிர் வந்தது. அடுத்த வாரத்திலிருந்து கடையை அரை நாள் திறக்கிறேன். அந்த நேரத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து துணைக்கு இருப்பார்.

வலது கை இன்னும் மடியில்தான் கிடக்கிறது. அது வரும் என்று சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன்.

நீ ராஜினாமாக் கடிதத்தைக் கொடுக்காதே. கொடுத்திருந்தால் திரும்ப வாங்கு. நீ எங்களுக்காக விட்டுவிட்டு வந்தால், அந்த பாரத்தில் அப்பா தண்ணீர் குடிப்பதை மறுபடி நிறுத்துவார். பிறகு நீயும் ஒரு நாள் நான் சொன்னதைச் சொல்வாய். லீவு போட்டுவிட்டு வா. திரும்பிப் போகும் டிக்கெட்டையும் கையோடு எடுத்து வா. பத்து நாள் இருந்து, அப்பாவோடு சண்டை போடு, பேசு, அவர் பேசி முடிக்கும்வரை காத்திரு. நீ உன் வேலையோடும் உன் வாழ்க்கையோடும் நிறைவாக இருக்க வேண்டும். இந்த வீட்டுக்கு நீ செய்ய வேண்டியது அதுதான்.

இந்த உறையைத் தானே ஒட்டுவதாக அப்பா கேட்டிருக்கிறார். பசை வழிந்து, மூலை மடங்கி, கோணல்மாணலாக வந்து சேரும். நான் கை வைக்கவில்லை என்று தெரிந்துகொள்.

உன் நலம் ஒன்றையே கேட்கும்
அம்மா