இல்லாத மாட்டைக் கறந்தவள்

அக்கா,

கடலூர் பஸ் நிலையத்தில் சிதம்பரம் வண்டி கிளம்பக் காத்திருந்தபோது, ஜன்னலுக்குக் கீழே ஒருத்தி வேகவைத்த மல்லாட்டைக் கூடையை இறக்கிவைத்தாள். வேர்க்கடலைத் தோலின் உப்பும் மண்ணும் கலந்த ஆவி முகத்தில் அடித்தது. உடனே எனக்கு உன் வீட்டுத் தலையணை ஞாபகம் வந்தது. மல்லாட்டை வாசனைக்குத் தலையணை ஞாபகம் வருகிற மூளை இந்த ஜில்லாவிலேயே எனக்கு ஒருவனுக்குத்தான். எட்டாம் வகுப்போடு என்னை அனுப்பிவைத்தது பள்ளிக்கூடத்துக்குத்தான் நஷ்டம்.

அபிராமி உன் வீட்டுக்கு வந்த புதிது. ஒரு காலையில் நீ தலையணை உறையை உதறினாய். மல்லாட்டை கொட்டியது, பாதி இட்லி விழுந்தது, எறும்பு வரிசையாக ஓடியது. "எலி வளக்கறியாக்கா?" என்று கேட்டேன். அந்தப் பெண் சுவரோடு ஒட்டிக்கொண்டு அடி விழும் என்று காத்திருந்தாள். நீ ஒரு மூடி போட்ட டின்னைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாய். "இது உன்னுது. யாரும் தொறக்க மாட்டோம். தீந்துட்டா சொல்லு." அவ்வளவுதான். பல மாதம் கழித்து அந்த டின்னில் இருந்ததைப் பூசணம் பிடித்துவிட்டது. பசிக்கும் என்ற பயம் போய், அவள் டின்னையே மறந்துவிட்டாள் என்று நீ அழுதாய். பூசணத்தைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் விட்ட பொம்பளையை நான் வேறு எங்கேயும் கண்டதில்லை, அக்கா.

தெருவில் எல்லோரும் தத்து என்றுதான் சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விடுவாயா? ஒவ்வொருத்தரையும் நிறுத்தித் திருத்துவாய். "தத்து இல்லீங்க. ஹோம்லேருந்து வளக்கறதுக்குக் குடுத்திருக்காங்க. ஆபீஸ்லேருந்து வந்து வந்து பாப்பாங்க. சரியில்லன்னா எடுத்துக்குவாங்க." நெற்றியில் எழுதி ஒட்டாத குறை. உண்மை பேசுகிற வியாதி உனக்கு. நான் உன் தம்பியாகப் பிறந்து குடும்பத்துக்கு அதைச் சமன் செய்தேன்.

அபி ஏழாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள், எழுத்துக் கூட்டத் தெரியாது. வகுப்பில் ஒரு டீச்சர், "ஹோம் புள்ளைங்கல்லாம் எந்திரிங்க" என்று சொல்லித்தான் நோட்டுக் கொடுப்பார். எழுந்து நிற்பது இவள் ஒருத்திதான். பக்கத்தில் இருந்தவள் பெஞ்சைத் துடைத்துவிட்டு உட்கார்வாளாம். நீ போய்ப் பேசிவிட்டு வந்தாய். மறுநாளிலிருந்து டீச்சர் வாயால் சொல்லவில்லை, விரலைக் காட்டினார்.

அதற்குப் பிறகுதான் சாயங்காலம் சாயங்காலம் சிதம்பரம் பஸ் நிலையத்துக்கு அவளைக் கூட்டிப்போக ஆரம்பித்தாய். வண்டி உள்ளே திரும்பி நிற்பதற்குள் போர்டைப் படிக்க வேண்டும். படித்தால் அந்த ஊர்க் கதை ஒன்று என் பொறுப்பு. சேத்தியாத்தோப்பு என்று படித்தால், வெள்ளாற்றில் நான் முதலையை வாலைப் பிடித்துக் கரையேற்றிய கதை. திருவதிகை என்று படித்தால், தேர்ச் சக்கரம் மாட்டிக்கொண்டபோது ஒற்றைத் தோளால் நெம்பிய கதை. கதைக்கு ஆசைப்பட்டு அவள் வாசித்த வேகம் இருக்கிறதே! கண்டக்டர்களே வண்டியை நிறுத்திக் கேட்டார்கள். படிப்பு சொல்லிக்கொடுத்தது நீ என்று ஊர் சொல்கிறது. சொல்லட்டும். பாதி எனக்குச் சேர வேண்டியது.

ஆபீஸிலிருந்து மேடம் விசாரிக்க வந்த அன்றைக்கு மங்கலம்பேட்டையிலிருந்து சின்னம்மாவும் வந்திருந்தாள். யார் கூப்பிட்டார்களோ. மேடம் குறை சொல்லும்படியான ஆள் இல்லை. நான் சலவை வேட்டியில் வந்து நாற்காலியை நிரப்பி, "நாலு அறுவடை மிஷின் ஓடுது மேடம் நமக்கு" என்று குடும்ப கௌரவத்தை முதலிலேயே நிலைநாட்டிவிட்டேன். எல்லாம் நன்றாகத்தான் போனது. சின்னம்மா வாயைத் திறந்தாள்.

"பொண்ணாம் பொண்ணு! தின்ன தட்டக்கூட எடுத்து வெக்காது மேடம். இவ காப்பி ஆத்திக் கைல குடுப்பா, அது கால ஆட்டிகினு குடிக்கும். எந்த ரத்தமோ என்னவோ, வளந்து என்னாத்த கிழிக்கப்போவுது?"

அதைவிட நல்ல சர்டிபிகேட் கிடைக்குமா? வேலை வாங்காமல் வளர்க்கிறாய் என்று விரோதி வாயாலேயே வந்துவிட்டது. நீ பேசாமல் இருந்திருந்தால் போதும். உனக்கு முகம் சிவந்துவிட்டது.

"யாரு சொன்னது? வீட்டு வேல பூரா எம் பொண்ணுதான் மேடம். விடிய எழுந்து வாசத் தெளிச்சு, கோலம் போட்டு, ஏனம் வெளக்கி, சோறாக்கி வெச்சுட்டுத்தான் பள்ளிக்கூடம் போவும். நான் உக்காந்த எடத்துல சாப்புடுறேன்."

நம் பக்கத்தில் பெண்பிள்ளையைப் புகழ்வது அப்படித்தான். பெண் பார்க்க வருகிறவர்களிடம் எல்லா அம்மாக்களும் அதைத்தான் சொல்கிறார்கள், ஒருவரும் நம்புவதில்லை, காப்பி குடித்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் உன் எதிரே இருந்தது மாப்பிள்ளை வீட்டார் இல்லை, அக்கா. மேடத்தின் பேனா நின்றது. பிறகு மிக வேகமாக ஓடியது.

"இங்க வாம்மா. அம்மா சொல்றது நெஜமா? எல்லா வேலையும் நீதான் செய்யறியா?"

அபி உன் முகத்தைப் பார்த்தாள். நீ பொய் சொல்லி அவள் கேட்டதே இல்லை. அம்மாவைப் பொய்க்காரி ஆக்கிவிடக் கூடாது என்று அந்தக் குழந்தை முடிவு செய்ததை நான் கண்ணால் பார்த்தேன். நிமிர்ந்து நின்றாள்.

"ஆமா மிஸ். எல்லாம் நான்தான். மாடுகூட நான்தான் கறப்பேன்."

"மாடு எங்க?"

"மேயப் போயிருக்கு மிஸ்."

உன் வீட்டில் ஒரு பூனைகூடக் கிடையாது. அந்த மாடு என்னுடையது, அக்கா! சொன்னதற்கு மேல் ஒன்று போட்டுச் சொல்வது, கேட்டால் கண் இமைக்காமல் அடுத்ததைச் சொல்வது, எல்லாம் நம் பள்ளிக்கூடம். பெருமையில் தொடையைத் தட்டிச் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் மேடம் முகத்தைப் பார்த்தேன்.

"மேடம், மாடே கெடையாதுங்க. எங்கக்கா ஏதோ ரோஷத்துல..."

"கொஞ்சம் முன்னாடி நாலு மிஷின் ஓடுதுன்னீங்களே சார், அதுவாவது இருக்கா?"

"ஒண்ணு ரிப்பேருங்க" என்றேன். வாய் அது பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

நீ அழுதாய். "நான்தான் பொய் சொன்னேன், அவ ஒரு வேலையும் செய்ய மாட்டா, சின்னம்மா சொன்னதுதான் நெசம்" என்று கையைப் பிடித்துக் கெஞ்சினாய். "கொழந்தையும் அதையேதான சொல்லுது? சொல்லிக் குடுத்து வெச்சிருக்கீங்க" என்றார் மேடம். ஆயுசுக்கு ஒரே ஒரு பொய், அதையும் ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை உனக்கு. யாரிடம் சொல்கிறோம் என்று பார்க்க வேண்டாமா? சின்னம்மா மட்டும், "நான் நெசத்தத்தான சொன்னேன்" என்றபடி வயிறாரச் சாப்பிட்டுவிட்டு மத்தியான பஸ்ஸில் ஊருக்குப் போனாள். இன்றைக்கும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாள். செத்தது நீ.

ஹோமுக்கே திருப்பி எடுத்துக்கொள்ள ஆர்டர் வந்து வண்டியில் ஏற்றும்போதுதான் அபிக்குப் புரிந்தது. புரிந்தும் அழவில்லை. ஜன்னல் வழியாக உன்னைப் பார்த்து, "நான் சரியாத்தானம்மா சொன்னேன்?" என்று கேட்டாள்.

"சரியாத்தான் சொன்ன" என்றாய். அது உன் இரண்டாவது பொய். அதைத் திறமையாகச் சொன்னாய்.

நடு வருஷத்தில் கடலூரில் வேறு பள்ளிக்கூடம் போட்டார்கள். பார்க்க அனுமதி கேட்டாய், விசாரணை முடியட்டும் என்றார்கள். விசாரணைக்குப் போனாய், தள்ளிவைத்தார்கள். மறுபடி போனாய், மறுபடி தள்ளிவைத்தார்கள். அடுத்த தேதிக்குப் புடவை மடித்துவைத்துவிட்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அபியை ஒரு மணி நேரம் கூட்டிவந்து முகம் காட்டட்டும் என்று நான் போன் மேல் போன் போட்டேன். அனுமதி வந்தது. உன்னை எடுத்த பிறகு வந்தது. உனக்குப் பிள்ளை இல்லை, நான்தான் கொள்ளி வைத்தேன், நான்தான் மொட்டை போட்டேன்.

இன்றைக்குத்தான் என்னைக் கடலூர் ஹோமுக்குள் விட்டார்கள். "சொந்தக்காரங்க வாயால சொன்னாத்தான் நல்லது, சொல்லிடுங்க" என்று காப்பாளர் அம்மா கதவோரம் நின்றுகொண்டார். அபி ஓடிவந்தாள். உயர்ந்துவிட்டாள்.

"எந்தக் கோயில்ல மாமா மொட்ட?"

"கோயில் இல்ல கண்ணு. அம்மா செத்துப் போச்சு."

கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள், அக்கா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அளக்காதீங்க மாமா! மொதலக் கதையே தேவல."

காப்பாளர் என்னைப் பார்த்தார், இன்னொரு முறை சொல் என்று. ஒரு பஸ் ஜனத்தையே முதலைக் கதையை நம்பவைத்தவன் நான். இதற்கு வாய் வரவில்லை. திங்கட்கிழமை ஆலோசனை டீச்சர் வந்து பக்குவமாகச் சொல்வாராம். திங்கட்கிழமை வரைக்கும் கடலூரில் நீ உயிரோடு இருக்கிறாய்.

கிளம்பும்போது என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "கணக்குல எழுவத்தாறு மாமா. அம்மாகிட்ட மறக்காம சொல்லுங்க. நீங்கபாட்டுக்கு எம்பத்தாறுன்னு அடிச்சு விடாதீங்க." அப்புறம் காப்பாளருக்குக் கேட்காதபடி என் காதுக்கு எம்பி இன்னொன்றும் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "இது மட்டும் அம்மாக்கு வேணாம். கேட்டா அழும்."

எழுபத்தாறு, அக்கா. ஒன்றுகூடக் கூட்டவில்லை.

மற்றதைச் சொல்ல மாட்டேன். நீ கேட்டாலும்.